சாலமன் பேரில் போன பில்கள்

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. "எனக்கு அந்தக் கம்பெனியில் வெண்டர் கோடு இல்லை. யாராவது உங்கள் பேரில் பில் போட்டுப் பணத்தை வாங்கித் தர முடியுமா?" கேட்டது யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை. டீ ஆறுவதற்குள் உதவிக்கு ஆள் வந்துவிட்டது. "என் பான் நம்பரில் போட்டுக்கொள்ளுங்கள், இதில் என்ன இருக்கிறது" என்றார் ஒருவர். அதற்குக் கீழே கும்பிடும் கை, பூங்கொத்து, இதயம் எல்லாம் வரிசையாக வந்தன. எனக்கு மட்டும் பூங்கொத்து அனுப்பக் கை வரவில்லை.

நான் எழுதுவதை நிறுத்தி ஓய்வாக வீட்டில் இருக்கிறவள். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்திருக்கலாம். முடியவில்லை. யாரையும் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. உதவுகிறேன் என்றவருடைய மனசு நல்ல மனசு. நான் சொல்லப்போகிற சாலமனுக்கும் அப்படிப்பட்ட மனசுதான். அதனால்தான் அவர் மாட்டிக்கொண்டார்.

குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இருக்கிறீர்கள், உங்களுக்காக ஒரு வார்த்தை. கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு நாம் எழுதிக் கொடுக்கிறோம். மெஷின் பக்கத்தில் ஒட்டுகிற பாதுகாப்புக் குறிப்பு, புது ஆட்களுக்கான பயிற்சிப் புத்தகம், கேன்டீன் சுவரில் மாட்டுகிற வாசகம், இப்படி. எழுதுவது சுலபம். காசு வாங்க வேண்டுமென்றால் கம்பெனிக் கணக்கில் நம் பெயரைப் பதிந்து ஒரு எண் தர வேண்டும். அதுதான் வெண்டர் கோடு. பான் அட்டை, பேங்க் விவரம், நாலைந்து பாரம், யாரோ ஒரு பெரிய அதிகாரியின் கையெழுத்து என்று அது வந்து சேர்வதற்குள் எழுதியதே மறந்துபோகும். ஆகவே நம் ஆட்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். கோடு இருப்பவர் தன் பெயரில் பில் போடுவார். கம்பெனி வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை அவர் கணக்கில் போடும். அவர் அதை எடுத்து, எழுதியவர் கையில் கொடுப்பார். அதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. எழுதித் தருவது, கையெழுத்து வாங்குவது என்றெல்லாம் பேச்செடுத்தால் "என்மேல நம்பிக்கை இல்லியா" என்று முகம் சுருங்கிவிடும்.

சாலமன் கவரைப்பேட்டைக்காரர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு வேலை செய்தவர்கள். இவர் ஐ.டி.ஐ. முடித்து ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு நின்றார். தோள்பட்டை கெட்டுப்போய் வேலையை விட்டபின் எழுத வந்தார். தேர்வாய் கண்டிகையில் ஒரு ரசாயனக் கம்பெனியில் அவருக்கு வெண்டர் கோடு இருந்தது. விமலாவுக்கு இல்லை. விமலா கடம்பத்தூர் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். சொந்தமாக நெல் பயிரிடுகிற குடும்பம். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள். அந்தக் கம்பெனிக்கு ரசாயனங்களைக் கையாள்வது பற்றிய புத்தகம் முழுவதையும் அவள்தான் தமிழில் எழுதினாள். அதற்குப் பிறகு வந்த குறிப்புகளிலும் பாதிக்கு மேல் அவள் எழுதியவை. எல்லாம் சாலமன் பெயரில் போயின.

விமலாவிடம் பான் அட்டை இருந்தது. பேங்க் கணக்கும் இருந்தது, கணவரோடு சேர்த்து. காசு வந்தாலும், பான் நம்பரில் கணக்கு ஏறினாலும் அவருடைய போனுக்குத்தான் மெசேஜ் போகும். அவள் எழுதிச் சம்பாதிப்பது வீட்டில் தெரியாது, ஏதோ ஆன்லைனில் படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பணம் பிறந்த வீட்டில் தனியாக இருந்த அவள் அம்மாவின் மருந்துக்குப் போனது. சாலமன் மாதா மாதம் பைக்கில் திருவள்ளூர் வருவார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரியில் வைத்துப் பணத்தைக் கொடுப்பார். பிடித்த வரி திரும்ப வந்தால் அதிலும் அவள் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிடுவார். அப்படி ஒரு மனுஷன்.

ஒரு நாள் காலையில் சாலமன் என் வீட்டுக்கு வந்தார். நாஷ்டா சாப்பிடச் சொன்னேன், வேண்டாம் என்றார். அவர் மகள் நான்சிக்கு நர்சிங் சீட்டு கிடைத்திருந்தது. கல்லூரிக்கும் ஹாஸ்டலுக்கும் பணம் கட்ட ஒரு டிரஸ்ட் முன்வந்திருந்தது. பெற்றோரின் வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. முந்தின வருடத்து வருமான வரி விவரத்தைக் கேட்டிருந்தார்கள். சாலமன் அதை பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்திருக்கிறார். கம்பெனி அவர் பெயரில் போட்டதெல்லாம் அதில் வரிசையாக நின்றது. விமலாவின் காசையும் சேர்த்துப் பார்த்தால் டிரஸ்டின் வரம்பைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது.

"கைல வாங்கி கைல குடுத்துட்டேனேக்கா. அது எப்டி என் காசாவும்?"

"உங்க கணக்குலயும் என் கணக்குலயும் ஆகாது சாலமன். கவர்மென்டு கணக்குல ஆகும்."

"இன்னாக்கா இது பேஜாரு" என்று தலையைப் பிடித்துக்கொண்டார். அந்த வருடத்துக் கணக்கை இன்னும் தாக்கல் செய்யவில்லை, திருத்த இடமிருக்கிறது என்பது ஒன்றுதான் நல்ல சேதி. டிரஸ்டின் நேர்காணலுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அது தவறிப்போனால் நான்சியைத் தேர்வாய் கண்டிகையில் பேக்கிங் வேலைக்கு அனுப்ப அவர் மைத்துனர் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். அதை மகளிடம் சொன்னதற்கு அவள், "படிக்க வேணாம்னா நேரா சொல்லிடு நைனா, காரணம் தேடாத" என்றாளாம். இதைச் சொல்லிவிட்டு சாலமன் அந்தப் பிரிண்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை.

இனிமேல் நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள். அவசரம் என்று வரும்போது நமக்கு உதவ வருகிறவர்கள் எல்லோரும் நல்லவர்களாகவே இருப்பார்கள். அவர்கள் காட்டுகிற வழி நல்லதாக இருக்க வேண்டுமென்று இல்லை.

முதலில் திருவள்ளூரில் எனக்குத் தெரிந்த ஆடிட்டரிடம் போனோம். பொறுமையாகக் கேட்டார். "செலவு காட்டிடலாமே. பெட்ரோல், லேப்டாப், ஆபீஸ் வாடகை..." என்று ஆரம்பித்தார்.

சாலமன் சீரியஸாகவே கேட்டார்: "எங்கூட்ல மொத்தமே ரெண்டு ரூமு சார். எந்த ரூமுக்கு வாடகை குடுத்தன்னு சொல்றது?"

ஆடிட்டரே சிரித்துவிட்டார். நான் வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். செய்யாத செலவைக் காட்டினால் அதற்கு ஒரு ரசீது வேண்டும். அந்த ரசீதுக்கு ஒரு ஆள் வேண்டும். ஒரு பொய்க்குச் சம்பளம் கொடுத்து நாலு பொய்யை வேலைக்கு வைக்க நம்மிடம் வசதி இல்லை.

அடுத்து கம்பெனிக்குப் போனோம். அக்கவுண்ட்ஸ் அதிகாரி சாலமன்மேல் பிரியம் உள்ளவர். விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டு, "அந்தப் பணத்த வேற ஒருத்தர் வாங்கிக்கிட்ட மாதிரி பழைய தேதி போட்டு வவுச்சர் ரெடி பண்ணிடலாம். யார் பேராவது சொல்லுங்க, கையெழுத்து மட்டும் போதும்" என்றார். சாலமன் உடனே மைத்துனர் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். அவர் நிலைமையில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் பக்கத்தில் இருக்கிறவருக்குப் பதறாமல் யோசிக்கிற வசதி இருக்கிறது. அந்த வசதியைப் பயன்படுத்தத்தானே நம்மைக் கூப்பிடுகிறார்கள்?

"இப்ப உங்க தலைல இருக்கறது உங்க மச்சான் தலைக்குப் போவும். அவருக்கும் புள்ளைங்க இருக்குதில்ல?" என்றேன். சாலமன் அடங்கிவிட்டார்.

"இதுக்கு நேர் வழியே இல்லையா சார்?" என்று அதிகாரியிடம் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரில் எதையோ தேடிப் பார்த்தார். பிறகு, இருக்கிறது என்றார். இந்தப் பணம் என்னுடையது இல்லை, இன்னாருடையது என்று சாலமன் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த இன்னார் வந்து ஆமாம் என்று சொல்லித் தன் பான் நம்பரைத் தர வேண்டும். கம்பெனி தன் கணக்கைத் திருத்தி அனுப்பினால் அந்தத் தொகை அவர் பெயருக்கு மாறிவிடும். விமலாவுக்கு வேறு வருமானம் இல்லாததால் வரி கட்ட வேண்டிய அவசியமே வராது. அவள் வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

சாலமன் வெளியே வந்து அவளுக்குப் போன் செய்தார். "கணக்குல ஒரு சின்ன விசயம்மா. உன் பான் கார்டு குடுக்க முடியுமா?" என்று கேட்டார். அவள் பதறிப்போய், "ஐயோ வேணாம்ணா, ஊட்ல தெரிஞ்சா வம்பாயிடும்" என்றாள். "செரிம்மா, செரிம்மா, உட்டுடு" என்று வைத்துவிட்டார். நான்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எதுக்குன்னு சொன்னீங்களா?"

"சொன்னா அந்தம்மாவால முடியாதுன்னு சொல்ல முடியாதுக்கா. என் புள்ளைக்கோசரம் அவங்க குடும்பத்துல சண்ட வரணுமா? நீங்களும் சொல்லக் கூடாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்த நிலையில் எனக்கு வந்த முதல் யோசனையை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. நேராக விமலாவின் வீட்டுக்குப் போய், அவள் கணவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசிவிடலாம் என்று தோன்றியது. என்னுடைய சுபாவம் அப்படி. போயிருந்தால் காரியம் நடந்திருக்கலாம். ஆனால் அது விமலாவின் ரகசியம். அதை உடைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள். சாலமன் சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. என்ன போகப்போகிறது என்று தெரியாமல் ஒருத்தி முடியாது என்று சொன்னால், அதை அவள் எடுத்த முடிவு என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு நான்சி பேக்கிங் வேலைக்குப் போன செய்தி அவள் காதுக்கு வந்தால் அவள் எப்படித் தூங்குவாள்?

சாலமனுக்கு எதிராகவே முடிவெடுத்தேன். விமலாவை அதே பேக்கரிக்கு வரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாக, "உன் வீட்டுல என்ன நடக்கும்னு உனக்குத்தான் தெரியும். நீ முடியாதுன்னு சொன்னாலும் நானும் சாலமனும் உன்கிட்ட முன்ன மாதிரியேதான் இருப்போம். தெரியாம சொல்லக் கூடாதுன்னுதான் வந்தேன்" என்றேன்.

அவள் அழவில்லை. கோபப்பட்டாள். "இத எங்கிட்ட சொல்லாம உட்டுட்டாரா அவுரு? நான் அவ்ளோ மோசமானவளாக்கா?" என்றாள். வாங்கி வைத்த டீயைக் குடிக்காமல் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் அவளுக்குப் போன் செய்யவில்லை. இந்தத் தொழிலில் நான் செய்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை அந்தச் சில நாட்கள் சும்மா இருந்ததுதான். போனைக் கையில் எடுப்பேன், வைப்பேன். என் வீட்டுக்காரர், "ஒண்ணு பேசு, இல்ல அத சார்ஜ்ல போடு" என்று அலுத்துக்கொண்டார்.

ஒரு மத்தியானம் அவளே கூப்பிட்டாள். "நாளிக்கு கம்பெனிக்கு வரோம்க்கா. சாலமன் அண்ணாவ வரச் சொல்லுங்க." வரோம் என்றாள். யார் யார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் கம்பெனி கேட்டுக்கு முன்னால் பைக்கை நிறுத்தி இறங்கினார்கள், அவளும் அவள் கணவரும். வெள்ளைச் சட்டை, வெயிலில் கறுத்த முகம். எங்களைப் பார்த்து ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். சாலமன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். செக்யூரிட்டி பாஸ் எழுதிக்கொண்டிருந்தபோது விமலா என் காதோரம் சொன்னாள்:

"ராத்திரி சாப்பாடு வேணாம்னுட்டாருக்கா. காலைல எந்திரிச்சி, 'உங்கம்மாக்குன்னு கேட்டா நான் குடுத்துருக்க மாட்டனா'ன்னாரு. 'குடுத்துருப்பீங்க. கேட்டு வாங்கறது வேற, நானா குடுக்கறது வேற'ன்னேன். வண்டி சாவிய எடுத்துக்கினு வந்து நின்னாரு."

அக்கவுண்ட்ஸ் அறையில் சாலமன் எழுதிக் கொடுத்ததை அதிகாரி படித்தார். விமலாவின் பான் அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "அப்போ அந்த கெமிக்கல் புக்கு... அது நீங்க எழுதினதாம்மா?" என்றார்.

அவள் தலையாட்டினாள்.

"எங்க ஆளு ஒருத்தனுக்குக் கண்ல தெளிச்சிடுச்சும்மா. பக்கத்துல இருந்தவன் பயந்து ஓடாம, அந்த புக்குல இருந்த மாதிரியே கண்ணைத் தொறந்து வெச்சி தண்ணிய ஊத்திக்கினே இருந்தான். இன்னொருத்தன் ஆம்புலன்சுக்கு ஓடுனான். கண்ணு தப்பிச்சுது. 'அதுல எழுதியிருந்தது அப்டியே ஞாபகம் வந்துச்சி சார்'ன்னான் அவன்."

சாலமன் என் பக்கம் திரும்பி, "அதுக்கு இத்தினி நாளா எனக்குத்தான்க்கா இங்க டீ வாங்கிக் குடுத்துக்கினு இருந்தாங்க. அது நான் எழுதுனது இல்லன்னு சொல்லவும் முடியாம, குடிக்கவும் முடியாம..." என்றார். அதிகாரி சிரித்தார். விமலா சிரிக்கவில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதுவரை சுவரோரம் நின்றுகொண்டிருந்த அவள் கணவர் அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"அந்த புக்கு ஒண்ணு கெடைக்குமா சார்? டப்பு குடுத்துடறேன்."

"வெளிய குடுக்கக் கூடாதுங்க, கம்பெனி ரூல்ஸு" என்றார் அதிகாரி. அவருக்கே சங்கடமாக இருந்தது. இங்கேயே பாருங்கள் என்று அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த மனிதர் முதல் பக்கத்தைப் பார்த்தார். கடைசி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். நடுவில் நாலைந்து பக்கங்களைப் புரட்டினார். என்ன தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. நாம் எழுதுகிற எதிலும் அது இருப்பதில்லை. "பேரு போட மாட்டாங்களா?" என்று விமலாவிடம் கேட்டார். "போட மாட்டாங்க" என்றாள். அவர் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டார்.

கம்பெனி கணக்கைத் திருத்தி அனுப்பியது. மாறி வருமா வராதா என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம். நேர்காணலுக்கு முன்பே வந்துவிட்டது. சாலமன் சம்பாதித்தது மட்டும் சாலமன் பெயரில் நின்றது. டிரஸ்டில் எதுவும் துருவிக் கேட்கவில்லை. நான்சி கல்லூரியில் சேர்ந்தாள். சேர்ந்த அன்று சாலமன் எனக்குப் போன் செய்து வெகுநேரம் அழுதார். நானும் வைக்கவில்லை.

இதையெல்லாம் சொன்னது உங்களைப் பயமுறுத்த இல்லை. யாருக்கு உதவ வேண்டுமானாலும் செய்யுங்கள். வெண்டர் பாரத்தை நிரப்பிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிற அதிகாரியிடம் அவரோடு போய் நில்லுங்கள், கோடு வரும்வரை கைமாற்று கொடுங்கள். உங்கள் பெயரை மட்டும் கொடுக்காதீர்கள். அடுத்தவர் பெயரில் எழுதவும் எழுதாதீர்கள். வரி அதற்குப் பாதிக் காரணம்தான். இன்னொரு பாதியை எனக்குச் சொன்னது விமலா.

திருத்தம் வந்த அன்று அவளுக்குச் சொல்லலாம் என்று கூப்பிட்டேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அவளும் கணவரும் கடம்பத்தூருக்குப் போய், அவள் பெயரில் வந்த வரி விவரத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்களாம்.

"எத்தினி வருசமா எழுதறேன்க்கா. இது ஒண்ணுலதான் என் பேரு வந்துகீது" என்றாள். பக்கத்தில் மாடு கத்துகிற சத்தம் கேட்டது. வீட்டுக்குள் இருந்து பேசாமல் வாசலில் நின்று சத்தமாகவே பேசிக்கொண்டிருந்தாள்.

"பத்திரமா வெச்சிக்கோ" என்றேன்.

"எங்கிட்ட எங்க குடுத்தாரு? அத வாங்கிப் படிச்சிட்டு, நெலத்துப் பத்திரத்தோட சேத்து பீரோல வெச்சிப் பூட்டிட்டாருக்கா."